செயின் பூட்டு திரும்பியிருந்தது

எங்கள் மோட்டார் சைக்கிள் எந்தக் கம்பெனி வண்டி என்று யாராவது கேட்டால் சொல்ல முடியாது. எஞ்சின் ஒன்று, அதைத் தாங்கும் சட்டம் வேறொன்று, பின் சக்கரம் இரண்டோடும் சேராதது. யுத்தத்துக்குப் பிறகு பட்டாளம் கழித்துவிட்ட வண்டிகள் மதுரையில் பழைய இரும்புக் கடைகளில் குவிந்து கிடந்தன. சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் அந்தக் குவியல் தீரவில்லை. என் வீட்டுக்காரர் மதுரைக்குப் போகும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு சாமானைப் பொறுக்கி, சாக்கில் சுற்றி, பஸ் கூரையில் போட்டுக் கொண்டுவருவார்.

அவர் கடலாடியில் லேத் வைத்திருந்த ஒரு கடைசல் பட்டறையில் வேலை பார்த்தார். நான் சிக்கலில் தாய்சேய் விடுதியில் மருத்துவச்சி. கடற்கரை ஊர்களிலிருந்து பிரசவத்துக்குக் கூப்பிட ஆள் வந்தால் மாட்டுவண்டியில்தான் போக வேண்டும். வண்டி போய்ச் சேர்வதற்குள் சில சமயம் பிள்ளை பிறந்திருக்கும். சில சமயம் எல்லாம் முடிந்திருக்கும். அப்படி ஒரு தடவை தாயும் பிள்ளையும் போய்விட்ட பிறகு நான் வீட்டில் யாரோடும் பேசாமல் கிடந்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் வண்டி கட்ட ஆரம்பித்தார். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நான் அவரை எவ்வளவோ சந்தேகப்பட்டேன். ஆனால் அந்த வண்டி எனக்காகக் கட்டியது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

என் அய்யா ராமநாதபுரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். ஆண்பிள்ளை இல்லாத வீடு. பஞ்சர் ஒட்டவும் செயின் மாட்டவும் எனக்குச் சோறு பொங்கத் தெரிவதற்கு முன்பே தெரியும். அதனால் அவர் வண்டி கட்டும்போது நானும் கொல்லையில் கூட உட்கார்ந்தேன்.

எஞ்சினும் சட்டமும் எப்படியோ ஒத்துப்போயின. ஒத்துப்போகாதது செயின். எஞ்சின் பக்கத்துப் பல் சக்கரத்தில் பற்கள் தடிமன். பின் சக்கரத்துப் பல் சக்கரத்தில் பற்கள் மெலிசு. பல்லுக்குப் பல் இடைவெளி இரண்டிலும் ஒன்றுதான். அதனால்தான் கடையில் வைத்துப் பார்த்தபோது ஏமாந்துவிட்டார். எஞ்சினோடு வந்த தேய்ந்த அகலச் செயினைப் போட்டால் முன்னால் கச்சிதமாக உட்காரும், பின்னால் லொடலொடவென்று ஆடிக் கொஞ்ச தூரத்தில் கழன்றுவிடும். ஒடுக்கமான செயினைப் போட்டால் பின்னால் உட்காரும், முன்னால் பல்லின் மேலேயே ஏறி நிற்கும். இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தோம். கோடு சரியாகத்தான் இருந்தது.

“பின்னாலயும் தடிச்ச பல்லு வேணும். இந்தச் சக்கரக் குடத்துல உக்கார்ற மாதிரி ஒண்ண எங்கன போயித் தேட?” என்றார்.

“முன்னால இருக்கிற பல்ல லேத்துல குடுத்து மெலிய வச்சா என்ன?”

“மெலிஞ்ச பல்லு சீக்கிரம் தேஞ்சிரும். மெலிஞ்ச செயினு அறுந்துபோகும். நடுக்காட்டுல நின்னுக்கிட்டு நீ எந்தப் பிள்ளையப் போயிப் பிடிப்ப?”

வண்டி கொல்லையில் சாக்கு மூடிக் கிடந்தது. மழைக்காலம் வந்து போனது. அவர் மதுரைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார். பிறகு ஒரு நாள் சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்தவர் பையிலிருந்து எண்ணெய்க் காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து வைத்தார். காகிதத்தில் கொழும்புக் கடை ஒன்றின் முத்திரை இருந்தது. பிரித்தால் புத்தம்புது அகலச் செயின். கூடவே பின் சக்கரத்துக்குத் தடித்த பல் சக்கரம். குடத்தில் பொருத்த இரண்டு துளை மட்டும் போட்டால் போதும்.

“எங்கன கெடச்சுச்சு?”

“ஒரு ஆளு குடுத்தாரு.”

“எந்த ஆளு?”

“தெரிஞ்ச ஆளுதேன்.”

“சும்மாவா குடுத்தாரு?”

“சும்மாதேன்” என்று சொல்லிவிட்டு, துளை போடக் குறி வைக்க உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் சுங்கம் கட்டாமல் வந்த கொழும்புச் சாமான் இல்லாத வீடு குறைவு. சோப்பு, கைலி, டார்ச் லைட் என்று ஏதாவது ஒன்று இருக்கும். எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் சோப்பு எல்லோருக்கும் பொதுவானது. இந்தச் செயின் அப்படி இல்லை. எங்கள் வண்டிக்கு என்ன அளவு வேண்டும் என்று யாரோ கேட்டுத் தெரிந்துகொண்டு, கடல் தாண்டிச் சொல்லியனுப்பி வரவழைத்திருக்கிறார்கள். நான் முன்பின் அறியாத ஒருவருக்கு எங்கள் மேல் இவ்வளவு அக்கறை ஏன் என்று நான் அன்றைக்கே யோசித்தேன். கேட்டால் அவருடைய சந்தோஷம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

வண்டி ஓடியது. நன்றாகவே ஓடியது. அவர் ஓட்ட, நான் பிரசவப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒருபக்கமாக உட்காருவேன். வழியில் ஆடு மேய்ப்பவர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள். பொம்பளை மோட்டாரில் போகிறாள் என்று முதலில் சிரித்த ஊர்களில், எஞ்சின் சத்தம் கேட்டதும் வெந்நீர் வைக்க ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் நான் பார்த்த பிரசவங்களில் கை மீறிப் போனது மிகக் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் அவர் தனியாக வண்டியை எடுக்க ஆரம்பித்தார். “ஓட்டிப் பாத்துட்டு வாரேன்” என்பார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். செயினைத் துடைத்து எண்ணெய் போடுவது என் வேலை. ஒரு திங்கட்கிழமை காலையில் துடைக்கும்போது கந்தலில் மணல் வந்தது. சிப்பித் தூள் கலந்த வெள்ளை மணல். சிக்கலுக்கும் கடலாடிக்கும் நடுவே அந்த மணல் கிடையாது. கடற்கரையில்தான் உண்டு.

அடுத்த வாரம் இன்னொன்றைப் பார்த்தேன். செயினின் இரண்டு முனைகளையும் சேர்க்கும் கண்ணிக்கு மேல் சின்னத் தகடு ஒன்று இருக்கும். ஒரு பக்கம் மூடியிருக்கும், மறுபக்கம் பிளந்திருக்கும். அதைத்தான் பூட்டு என்போம். மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும். அய்யா கடையில் நான் முதலில் கற்றுக்கொண்ட விஷயம் அது. என் வீட்டுக்காரர் தூக்கத்தில் போட்டாலும் சரியாகத்தான் போடுவார். அன்றைக்குப் பூட்டு திரும்பியிருந்தது.

அப்படியென்றால் வேறு யாரோ செயினைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஓட்டிப் பார்க்கப் போன வண்டியின் செயினைக் கடற்கரையில் வைத்து ஏன் கழற்ற வேண்டும்? வேறொருத்தி இருக்கிறாளோ என்றுகூட முதலில் நினைத்தேன். சட்டையை மோந்து பார்த்தேன். மீன் வாடையும் பெட்ரோல் வாடையும்தான் அடித்தன. பூட்டைச் சரியாகத் திருப்பிப் போட்டுவிட்டு அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் திரும்பியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சுங்க அதிகாரி ஒருவர் விடுதிக்கு வந்தார். நடுத்தர வயது, மெதுவான பேச்சு. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“மோட்டார் சைக்கிள் உங்க வீட்டு வண்டிதானேம்மா?”

“ஆமா.”

“கடற்கரைப் பக்கம் அடிக்கடி பார்க்கிறோம்.”

“பிரசவத்துக்குப் போற வண்டி. எங்கன கூப்பிட்டாலும் போகும்.”

“ஞாயிற்றுக்கிழமைகளிலும் பிரசவம் நடக்கும், இல்லையாம்மா?” என்றார்.

“பிள்ளைக்குக் கெழம தெரியாதுல்ல?” என்றேன்.

அவர் தலையாட்டினார். நான் சொன்னதை நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. போகும்போது, என் வீட்டுக்காரர் அன்று பஸ்ஸில் போனதால் வாசலில் நின்ற வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து செயினைக் கொஞ்ச நேரம் பார்த்தார். புதுச் செயின். இந்தப் பக்கத்தில் கிடைக்காத செயின். 

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும், “வண்டியக் கடக்கரைக்குக் கொண்டுபோயி என்ன பண்றீக? பூட்ட யாரு மாட்டுறா?” என்று கேட்டேன்.

கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கை இறக்கி வைத்தார். பிறகு சொன்னார். செயினும் பல் சக்கரமும் கொடுத்தவர் கடற்கரையில் ஒரு சம்மாட்டி. சொந்தமாக வள்ளங்கள் வைத்திருப்பவர். வள்ளங்களைக் கரையேற்றி இழுக்க ஆள் கிடைக்கவில்லை, மோட்டாரை வைத்து ஒரு வழி செய்து கொடு என்று கேட்டாராம். பனந்தண்டு ஒன்றில் பெரிய பல் சக்கரம் பொருத்தி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, செயினைப் பின் சக்கரத்திலிருந்து கழற்றி அந்தத் தண்டுக்கு மாட்டிவிட்டால் தண்டு சுற்றும், கயிறு சுருளும், வள்ளம் ஏறும். வேலை முடிந்ததும் சம்மாட்டியின் மகன் செயினைத் திருப்பி மாட்டிக் கொடுப்பான்.

“இத ஏன் மறச்சீக?”

“உனக்குக் கட்டுன வண்டிய ஊரு வேலைக்கு விட்டேன்னு சொல்லுவ. அதேன்.”

அடுத்த ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சொன்னது போலவே நடந்தது. எஞ்சின் முனக, கயிறு இறுக, ஈரமான வள்ளம் மணலில் கோடு கிழித்துக்கொண்டு மேலே வந்தது. பெண்கள் வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தார்கள். சம்மாட்டி ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, குரல் உயராது. “தாயி, உங்க வீட்டுக்காரரு கையி தங்கம்” என்றார். பெரிய பல் சக்கரத்தைப் பார்த்தேன். எவ்வளவு பெரிதோ அவ்வளவு இழுவை, கணக்குச் சரிதான். எனக்குப் பாதி மனது ஆறியது. வள்ளம் இழுப்பதற்காகக் கொழும்பிலிருந்து செயின் வருமா என்று மறுபாதி கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆடி மாதக் காற்று ஓய்ந்த சமயம், சம்மாட்டியின் மருமகளுக்கு வலி எடுத்துவிட்டது என்று ஆள் வந்தது. காலை நேரம். அவர் என்னைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுப் பட்டறைக்குப் போனார். தலைப்பிரசவம், இன்னும் நேரம் இருந்தது. வெந்நீர் கொதிக்கும்வரை காற்றாட வீட்டுக்குப் பின்னால் நடந்தேன். அங்கே ஓலைக் கொட்டகை ஒன்று. படல் சாத்தியிருந்தது, கட்டவில்லை. உள்ளே போனேன்.

ஒரு வள்ளம் நின்றது. பின்பக்கம் புதுப் பலகை வைத்து, துளை போட்டு, அதில் ஒரு இரும்புத் தண்டு கிடந்தது. தண்டின் வெளிமுனையில் தண்ணீரைத் தள்ளும் மூன்று இலை விசிறி. உள்முனையில் பல் சக்கரம். எங்கள் வண்டியில் இருப்பது போலவே தடித்த பல். ஆனால் சின்னது, உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பெரிய சக்கரம் என்றால் இழுவை, சின்னது என்றால் வேகம். சைக்கிள் கடையில் வளர்ந்தவளுக்கு இதை யாரும் சொல்ல வேண்டாம். வலை போட்டு மீன் பிடிக்கிற வள்ளத்துக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை. சுங்கப் படகுக்குத் தப்பி ஓடுகிற வள்ளத்துக்குத்தான் தேவை.

அதற்கு முன்னால் கனமான கட்டைகள் போட்டு எஞ்சின் உட்கார இடம் செய்திருந்தார்கள். போல்ட் துளைகள் தயாராக இருந்தன. கையால் சாண் போட்டுப் பார்த்தேன். எங்கள் எஞ்சினைச் சட்டத்தில் உட்காரவைத்தபோது போல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். ஒரு சாணும் மூன்று விரலும். இங்கேயும் அதுவேதான். இரும்புத் தண்டைத் தடவினேன். வழவழவென்று கடைந்திருந்தது. எங்கள் பக்கத்தில் கடைசல் இயந்திரம் இருந்தது கடலாடியில் ஒன்றுதான்.

“தாயி.”

படலுக்கு வெளியே சம்மாட்டி நின்றுகொண்டிருந்தார். “வெந்நி கொதிச்சிருச்சாம்” என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. நான் அவரைத் தாண்டி வீட்டுக்குள் போனேன். உச்சிப்பொழுதுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. தொப்புள்கொடி அறுத்து, பிள்ளையைக் குளிப்பாட்டிக் கொடுத்தேன். ஆனால் அந்த வீட்டில் கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை. அதில் எதுவும் கலந்திருக்காது என்று தெரியும். ஆனாலும் குடிக்க மனம் வரவில்லை.

சாயங்காலம் அவர் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். பனங்காடு தாண்டும்போது வண்டியை நிறுத்தச் சொன்னேன். இறங்கி நின்று, கொட்டகையில் பார்த்ததைச் சொன்னேன்.

“தண்டு நாந்தேன் கடஞ்சு குடுத்தேன்” என்றார். “கிணத்துல தண்ணி எறைக்கன்னு சொன்னாரு.”

“எஞ்சின் அளவு?”

“எஞ்சின் நல்லாருக்குன்னு சொல்லி அவரு மகன் அளந்து பாத்தான். சும்மா பாக்கான்னு விட்டுட்டேன்.”

“அந்தச் சின்னப் பல்லுச் சக்கரம்?”

“அது நான் செய்யல. நம்ம சாமானோடயே கொழும்புலருந்து வந்தது.”

“நீங்க பாத்தீகளா?”

“பாத்தேன்.”

“பாத்தப்ப என்ன நெனச்சீக?”

அவர் தார் போடாத ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். “நெனைக்காம இருந்தேன்” என்றார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எஞ்சின் வேண்டும் என்று அவர்கள் இன்னும் கேட்கவில்லை என்று அவர் சத்தியம் செய்தார். கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அந்த ஞாயிறு இருவரும் கடற்கரைக்குப் போனோம். சம்மாட்டி வீட்டு முன்னால் என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தி, செயினைக் கழற்றி, பின் சக்கரத்துப் பல் சக்கரத்தையும் கழற்றி, துடைத்து, காகிதத்தில் சுற்றி நீட்டினார்.

சம்மாட்டி வாங்கவில்லை. “குடுத்த சாமானத் திருப்பி வாங்குற பழக்கம் எனக்கு இல்ல தம்பி.”

“எங்களுக்கும் சும்மா வாங்குற பழக்கம் இல்லய்யா. அப்ப வாங்குனது தப்பாப் போச்சு” என்றேன் நான்.

சம்மாட்டி என்னைப் பார்த்தார். “நர்ஸம்மா கஸ்டம்ஸ்காரரோட பேசுனாகளாமே.”

“அவரு வந்து கேட்டாரு. இது பிரசவத்துக்குப் போற வண்டின்னேன். நாளைக்குக் கேட்டாலும் அதத்தேன் சொல்லுவேன்.”

“அம்புட்டுத்தேனா?”

“எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தேன்.”

 சம்மாட்டி பொட்டலத்தை வாங்கி மகன் கையில் கொடுத்தார். “செயினு இல்லாம வண்டி எப்பிடிப் போகும்? மாட்டுவண்டி போட்டு அனுப்புறேன்.”

“வேணாம்யா. தள்ளிக்கிட்டுப் போறோம்” என்றார் என் வீட்டுக்காரர்.

மணலில் மோட்டார் சைக்கிளைத் தள்ளுவது என்ன பாடு என்று அன்றைக்குத் தெரிந்தது. அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் இழுத்தார், நான் பின்னாலிருந்து தள்ளினேன். போன மாதம் சிரித்துக்கொண்டு நின்ற அதே பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருவரும் கை கொடுக்க வரவில்லை. வரவேண்டாம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பின்னால் யாராவது வருகிறார்களா என்று நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரோடு வந்து சேர்ந்த பிறகுதான் அவர் வாய் திறந்தார், “தண்ணி இருக்கா” என்று.

பிறகு வந்த மாதங்கள் நன்றாக இல்லை. பட்டறையில் யாராவது புது ஆள் வந்து பேச்சுக் கொடுத்தால், யார் அனுப்பிய ஆள் என்று என் வீட்டுக்காரர் பார்ப்பார். நான் கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இரண்டாகப் போட்டேன். கடற்கரையிலிருந்து பிரசவத்துக்கு அழைப்பு வருவது கொஞ்ச காலம் நின்றுபோனது. நான் எடுத்த பெண் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சம்மாட்டியின் மருமகள் விடுதிக்கு வந்தாள். போகும்போது, “ஒங்க மேல கோவம் இல்லேன்னு மாமா சொல்லச் சொன்னாக” என்றாள். கோபம் இல்லாதவர் அதை ஏன் சொல்லியனுப்ப வேண்டும் என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

வண்டியை அவர் கடைசியில் நான் முதலில் சொன்ன வழியில்தான் சரி செய்தார். முன் பல் சக்கரத்தை லேத்தில் பிடித்து, பற்களை இரண்டு பக்கமும் சன்னமாகச் சீவி, பழைய மெலிந்த பல் சக்கரத்தையே பின்னால் மாட்டி, மதுரையில் எந்தக் கடையிலும் கிடைக்கிற ஒடுக்கச் செயினைப் போட்டார். வேகம் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஒரு தடவை அறுந்தது. நல்லவேளை, ஊர் எல்லையில். பெட்டியில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் செயின் கண்ணிகளும் ஒரு பூட்டும் வைத்துக்கொள்ளப் பழகினேன்.

சுங்க அதிகாரி இன்னொரு முறை வந்தார். செயினைப் பார்த்தார், மதுரைச் சாமான்தான் என்று தெரிந்துகொண்டார். “நன்றாக ஓடுகிறதாம்மா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அந்த வள்ளம் என்ன ஆனது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. வேறு எஞ்சின் கிடைத்துப் போய்விட்டது என்றார்கள். இலங்கைக் கரையில் பிடித்துவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். அப்படி ஒரு வள்ளமே இல்லை என்று சொன்னவர்களும் உண்டு. சம்மாட்டி மட்டும் எப்போதும் போல வெள்ளைச் சட்டையோடு கடலாடிச் சந்தைக்கு வந்துபோனார். என்னைப் பார்த்தால் “நல்லாருக்கீகளா தாயி” என்பார். நானும் நல்லாருக்கேன் என்பேன்.

வருஷங்கள் கழித்து ஒரு நாள், சாப்பிட உட்கார்ந்தவரிடம் கேட்டேன். “நான் அந்தக் கொட்டகைக்குள்ள போகாம இருந்திருந்தா எஞ்சினக் குடுத்திருப்பீகளா?”

“நீதேன் போனியே” என்றார்.

குழம்பு கேட்டார். ஊற்றினேன். அவர் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் ஆள் வந்து நின்றது, வலி எடுத்து ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்று. அவர் கையைக் கழுவிக்கொண்டு வண்டியை எடுக்கப் போனார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.